சுவரிலிருந்து பேசிய மகனுக்கு

மகன்,

ஆவணியில் உனக்குக் கலியாணம். போன கிழமை அதைச் சொல்லி முடித்துவிட்டு, தொலைபேசியை வைப்பதற்கு முன் சிரித்துக்கொண்டே கேட்டாய்: "அப்பா, எல்லாத் தகப்பன்மாரும் புத்தி சொல்லுவினம். நீங்கள் எனக்கு ஒண்டும் சொல்லயில்லையே?" "சொல்லுவம், சொல்லுவம்" என்று மழுப்பிவிட்டு வைத்தேன். அம்மா பக்கத்தில் நின்றாள். அவள் நிற்கும்போது உன்னோடு மனம்விட்டுக் கதைக்க எனக்கு இப்போது வருவதில்லை. தனியாகக் கதைத்தாலும், நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் "அப்பா, கத்தாதையுங்கோ, எனக்குக் கேக்குது" என்பாய். அதோடு சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். கடிதத்தில் என் சத்தம் உன் காதைக் குத்தாது. ஆறுதலாக இருந்து வாசி. பாதியில் நிறுத்திப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பாதே. இது உனக்கு மட்டும் எழுதியது.

நீ கேட்ட புத்தி கசப்பாகத்தான் இருக்கும். இனிப்பாகச் சொல்ல எனக்கு இப்போது மனமில்லை.

முந்தின வருடம் நீ கனடாவிலிருந்து வந்தபோது, நாலு வீடு தள்ளி இருந்த ஒரு மனிசியின் சங்கிலியை யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். நீ வந்து இறங்கிய அன்றே அந்தக் கதையைக் கேட்டாய். அடுத்த கிழமை யாழ்ப்பாணம் போய்ப் பெட்டி பெட்டியாகக் கமரா வாங்கி வந்தாய். வாசல் படலைக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று என்றபோது நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கூடத்துக்கும் குசினிக்கும் ஒவ்வொன்று என்றாய். "வீட்டுக்குள்ளை ஏன் தம்பி? கள்ளன் குசினிக்கை வந்து என்ன, உப்புப் போத்தலையோ தூக்கப் போறான்?" என்று கேட்டேன். "அம்மா வழுக்கி விழுந்தால்? உங்களுக்குச் சீனி இறங்கி மயங்கினால்? நான் அங்கை இருந்து என்னெண்டு அறியிறது?" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல? பிள்ளையின் பாசம் என்று நினைத்து அந்த ஏணியை உள்ளே தூக்கி வந்தவனும் நான்தான்.

நீ திரும்பிப் போய்ச் சில நாட்களில் கூடத்துக் கமரா கதைக்கத் தொடங்கியது. காலை நேரம். அம்மா பாற்சட்டியோடு கூடத்தைக் கடந்தாள். "அம்மா, செருப்பைப் போடுங்கோ, நிலம் ஈரம்" என்று சுவரிலிருந்து உன் குரல் வந்தது. பால் முழுவதும் நிலத்தில். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள். நீ சிரித்தாய், நாங்களும் சிரித்தோம். அன்றைக்குச் சிரித்ததுதான். பிறகு ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று. "அப்பா, அது இரண்டாவது தேத்தண்ணி." "அம்மா, ஏன் பனங்கிழங்கைக் கூடத்திலை காயப்போட்டிருக்கிறியள்? பாக்க வடிவில்லை." "அப்பா, வெறும் மேலோடை இல்லாமல் ஒரு சேட்டைப் போட்டுக்கொண்டு இருந்தால் என்ன? ஆரும் வந்தால்?" வந்தது யார்? ஒருவரும் வரவில்லை. எங்கள் வீட்டுக்குள் கேட்காமல் வந்து நின்றது நீதான்.

நீ கவனித்தாயோ தெரியாது, கொஞ்ச நாளில் அம்மா விடிய எழும்பியதும் அறைக்குள்ளேயே சீப்பால் தலை இழுத்துப் பொட்டு வைத்துக்கொண்டுதான் வெளியே வருவாள். மத்தியானத்தில் கூடத்து நிலத்தில் பாயில்லாமல் சரிந்து படுப்பது அவளுக்குப் பிடித்த சுகம், அதை விட்டுவிட்டாள். நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டு விறாந்தையில் இருப்பதை விட்டேன். எங்கள் வீட்டுக்குள் நாங்கள் விருந்துக்குப் போனவர்களைப் போல நடமாடினோம். அக்காவிடம் சொன்னபோது, "தம்பி உங்களிலை உள்ள அக்கறையிலைதானே அப்பா" என்றாள். அக்கறை என்ற சொல்லுக்கு முன்னால் வாயைத் திறக்க முடியாது.

உனக்குப் பதினாலு வயதில் நடந்த ஒன்று உனக்கு நினைவிருக்காது. அக்கா உன் அறைக்குள் சொல்லாமல் வருகிறாள், உன் பேனையை எடுக்கிறாள், உன் கோப்பையில் சாப்பிடுகிறாள் என்று வீட்டை இரண்டாக்கினாய். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் வேண்டும் என்றாய். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "பெடியன் கதவைப் பூட்டிக்கொண்டு என்ன செய்யப்போறான்?" என்று என்னைக் கேட்டாள். நான் அன்று பின்னேரமே வேலைக் கொட்டிலிலிருந்து தாழ்ப்பாள் கொண்டுவந்து பூட்டித் தந்தேன். ஏன் என்று உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு உன் கதவை அம்மா தட்டாமல் திறந்ததில்லை. நீ தலைகீழாக நின்றாயா, அழுதாயா, என்ன படித்தாய் என்று நாங்கள் யன்னலால் எட்டிப் பார்த்ததில்லை.

இப்போது எனக்கும் அம்மாவுக்கும் உள்ள சண்டைக்கு வருகிறேன். நீ கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது வருடம் வள்ளங்களின் எஞ்சினுக்குள் தலையை விட்டு வேலை செய்த காது இது. இடது பக்கம் அநேகமாக இல்லை. எனக்கு மெல்லக் கதைக்கத் தெரியாது. என் தகப்பனுக்கும் தெரியாது. அம்மா இணுவில் தோட்டக்காரக் குடும்பம். மரக்கறி தவிர வேறொன்றும் வாயில் வையாதவள். கடற்கரை ஆளைக் கட்டுகிறாள் என்று அவளுடைய ஆட்கள் ஒருவரும் எங்கள் கலியாணத்துக்கு வரவில்லை. இந்த வீட்டுக்கு வந்த முதல் மாதம், நான் மீன் சட்டியைக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் சட்டி முருங்கை மரத்தில் கயிற்றில் தொங்குகிறது. தெருவால் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். நான் ஊருக்குக் கேட்கக் கத்தினேன். அவள் அசையவில்லை. "உங்களுக்கு மீன் வேணும், எனக்கு என்ரை குசினி வேணும். ரெண்டுக்கும் வழி சொல்லுங்கோ, இறக்கிறன்" என்றாள். அன்றைக்குத்தான் பின் விறாந்தையில் எனக்கென்று தனி அடுப்பு வந்தது. மீனை நானே வெட்டுவேன், நானே சமைப்பேன், நானே கழுவுவேன். அவள் ஒரு நாளும் தின்னவும் இல்லை, என்னைத் தின்னாதே என்று சொன்னதும் இல்லை. ஃபான் போடுவதா நிற்பாட்டுவதா, றேடியோவில் தேவாரமா செய்தியா, ஈரத் துவாயை எங்கே விரிப்பது, எல்லாவற்றுக்கும் சண்டைதான். எங்களுக்கு அது பழகிப்போன பேச்சு. மெல்லச் சொன்னால் அவள் "என்ன, சுகமில்லையோ?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

அந்த மழை நாளைச் சொல்கிறேன். பாரை மீன் வாங்கி வந்திருந்தேன். பின் விறாந்தைக்குள் சாரல் அடித்து அடுப்பு நனைந்துபோனது. பாதி வெந்த குழம்பைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்து அவளுடைய அடுப்பில் வைத்தேன். போதாததற்கு அவளுடைய அகப்பையால் துழாவினேன். அவள் வந்து பார்த்துவிட்டு வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். நானும் அகப்பையை உயர்த்திக்கொண்டு, "உம்மடை இணுவில் சுத்தத்தைக் கட்டிக்கொண்டு அங்கையே போய் இரும்!" என்று கத்தினேன். கமராப் பதிவிலிருந்து நீ வெட்டி எடுத்த துண்டு அந்த இடத்தில் முடிகிறது. கையில் அகப்பை, முகம் முழுக்கக் கோபம், எதிரில் குனிந்த தலையோடு உன் அம்மா. அதைப் பார்த்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அவள் தலை குனிந்தது அழுவதற்கு இல்லை, சிரிப்பை அடக்க. அடுத்த நொடி நிமிர்ந்து, "போறன். போகேக்கை உங்கடை கட்டுப்பல்லையும் எடுத்துக்கொண்டுதான் போவன். பாரையைப் பல்லில்லாத முரசாலை சப்புங்கோ பாப்பம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து குழம்பு அடிப்பிடித்துப் போனது. அவள் ஒரு கிழமை அந்த அடுப்பைத் தேய்த்துக்கொண்டே என்னைத் திட்டினாள். இதெல்லாம் உன் கமராவில் பதிந்துதான் இருந்திருக்கும். நீ அதைப் பார்க்காமல் வெட்டினாயா, பார்த்துவிட்டு வெட்டினாயா என்று இன்றுவரை உன்னை நான் கேட்கவில்லை. இரண்டில் எது என்றாலும் எனக்கு ஆறுதல் இல்லை.

அந்தத் துண்டைக் குடும்பக் குழுவில் போட்டாய். "அம்மாவை இனியும் இப்பிடி விட ஏலாது" என்று கீழே எழுதினாய். நான், அம்மா, அக்கா, மருமகன் நாலு பேரும் பார்த்தோம். என் மருமகன் பார்த்தார். மூன்றாம் நாள் அக்கா கொழும்பிலிருந்து வந்து இறங்கினாள். என் முகத்தைப் பார்க்காமல், "அம்மாக்கு ஒருக்கா உடம்பைச் செக் பண்ண வேணும், கொஞ்ச நாள் அங்கை நிக்கட்டும்" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் "போட்டு வாரும்" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம்? போகாதே என்று சத்தமாகச் சொன்னால் அதையும் யாரோ பார்ப்பார்கள். மெல்லச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவள் இல்லாத அந்த மாதங்களில் மத்தியானம் மீனைச் சமைத்துக் குசினிக்குள்ளேயே வைத்துச் சாப்பிட்டேன். கேட்பதற்கு ஒருவரும் இல்லை, சோறு இறங்கவில்லை. ஒரு நாள் சுவரிலிருந்து, "அப்பா, சாப்பிட்டியளோ?" என்று கேட்டாய். கோப்பையை வைத்துவிட்டு எழும்பினேன். எஞ்சின் கழற்றும் சாவிகள் இருந்த பெட்டியை எடுத்து, ஏணியை வைத்து, கூடத்தில் இருந்ததையும் குசினியில் இருந்ததையும் கழற்றினேன். "அப்பா, என்ன செய்யிறியள்? அப்பா, கேக்குதோ?" என்று நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். வயரைப் பிடுங்கும்வரை கூப்பிட்டாய். உடைக்கவில்லை. துணியால் துடைத்து, வாங்கிய பெட்டியிலேயே போட்டு, உன் அலுமாரியில் வைத்திருக்கிறேன். படலையில் இருப்பதும் கிணற்றடியில் இருப்பதும் அப்படியே இருக்கின்றன. பின்னேரம் நீ தொலைபேசியில் எடுத்து, "மறைக்கிறதுக்கு உங்களிட்டை என்னப்பா இருக்கு?" என்று கேட்டாய். அந்தக் கேள்வி என்னை அடித்துப் போட்டது. திருடனைக் கேட்கிற கேள்வி அது. உனக்குத் தாழ்ப்பாள் பூட்டித் தந்தபோது உன்னிடம் அதை நான் கேட்கவில்லை என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

அம்மா ஒருவருக்கும் சொல்லாமல் தனியாகப் பஸ் எடுத்து வந்தாள். பையை வைத்துவிட்டு, முதல் வேலையாகக் கூடத்துச் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். ஆணி அடித்த ஓட்டையைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் நினைத்தேன், இனி எல்லாம் பழையபடி என்று. அப்படி வரவில்லை. ஃபானைப் போட்டேன், குளிர்கிறது என்று சொல்லாமல் போர்வையை எடுத்துப் போர்த்துக்கொண்டாள். செய்தியை வைத்தேன்; எழும்பிப் போய்விட்டாள். எதைக் கேட்டாலும் "ஓம்", "சரி", "உங்கடை விருப்பம்". நீ வீடியோவில் அவளைப் பார்த்துவிட்டு, "அம்மா இப்ப எவ்வளவு நிம்மதியாய் இருக்கிறா" என்று சந்தோசப்பட்டாய். பிணம்கூட அந்த அளவு நிம்மதியாக இருக்கும் என்று சொல்ல வாய் உன்னியது.

ஒரு நாள் கிணற்றடியில் அவள் உடுப்புத் தோய்க்கும்போது பக்கத்தில் போய் இருந்து கேட்டேன். எவ்வளவு மெல்ல முடியுமோ அவ்வளவு மெல்ல. "உண்மையைச் சொல்லும். என்னிலை பயமோ?" அவள் சவர்க்காரக் கையை வாளித் தண்ணியில் கழுவினாள். பிறகு சொன்னாள்: "நீங்கள் கத்தேக்கை எனக்குக் கோபம்தான் வாறது, பயம் வந்ததில்லை. ஆனா எல்லாத் தரமும் பகிடியும் இல்லை, சும்மா சொல்லக்கூடாது. சில தரம் எனக்கு நொந்ததுதான். நொந்தால் அதை உங்களிட்டைச் சொல்லுறதுக்கு எனக்கு வாய் இருந்தது. உவன் பெடியன் அந்த வாயை எடுத்துக்கொண்டு போட்டான்." அடுத்த உடுப்பை எடுத்துக்கொண்டு, "கொழும்பிலை மருமோன் எனக்குத் தேத்தண்ணி தந்தவர். தந்திட்டு என்ரை கையைத் திருப்பிப் பாத்தவர். தோசைக்கல்லிலை சுட்ட தழும்பு கிடக்கெல்லே, 'மாமி, இது என்னெண்டு வந்தது?' எண்டு கேட்டார். சொன்னன். அவர் நம்பயில்லை" என்றாள். சொல்லிவிட்டு உடுப்பைப் பிழிந்தாள். நீ அனுப்பிய துண்டு இருந்த இடத்தில் இப்போது இந்தத் தழும்புதான் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவளுக்கு நொந்த இடங்களை அன்றைக்குத்தான் நான் கேட்டு அறிந்தேன். ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவை எனக்கும் அவளுக்கும் உள்ளவை; உனக்கு எழுத மாட்டேன்.

இனி உன் விசயம். பண்டத்தரிப்பில் பெண் பார்க்கப் போனபோது நீ வீடியோவில் இருந்தாய். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. நான் எஞ்சின் எண்ணெய்க்குள் விழுந்து எழும்பிய கதையைச் சொல்ல, வீடு அதிர வாய்விட்டுச் சிரித்தாள். அப்போது உன் முகம் சுளித்ததை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள், உடனே கையால் வாயைப் பொத்தினாள். சின்ன வயதிலிருந்தே உனக்குச் சத்தம் பிடிக்காது. சோறு சப்புகிற சத்தம், செருப்பு இழுக்கிற சத்தம், எல்லாம் உன் நரம்பில் ஏறும். அது உன் குற்றமில்லை. ஆனால் அவள் தேத்தண்ணியை உறிஞ்சித்தான் குடிப்பாள். தலைமயிரைக் குளிக்கிற இடத்தில் விடுவாள். உனக்குப் பிடிக்காத பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவாள். எரிச்சல் வந்தால் அவளிடம் சொல். சத்தம் போட்டுச் சொன்னாலும் பரவாயில்லை, அவளும் திருப்பிச் சத்தம் போடட்டும். அவளுக்குத் தெரியாமல் அதைச் சேர்த்து வைத்து, அக்காவிடமோ எங்களிடமோ அவளுடைய தாய் தகப்பனிடமோ கொண்டுபோகாதே. எங்களுக்கு அனுப்பினால் நான் திறந்து பார்க்கமாட்டேன். அவளுக்கென்று ஒரு அறையில்லாவிட்டாலும் ஒரு மூலையாவது இருக்கட்டும். அங்கே அவள் என்ன செய்கிறாள் என்று கேளாதே. உன்னைக் கண்டதும் அவள் கை வாயைப் பொத்தப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். போனால், அன்றைக்கே நீயாகவே யோசிக்கத் தொடங்கு.

கடைசியாக ஒன்று. கலியாணத்துக்கு வரும்போது நீ வீட்டில் தங்க வேண்டாம். நெல்லியடியில் ஒரு விடுதியில் அறை கேட்டு வைத்திருக்கிறேன். காலையில் வா, மத்தியானம் அம்மாவின் கையால் சாப்பிடு, பொழுதுபட முதல் போ. நீ எங்கள் பிள்ளைதான். ஆனால் நீ உள்ளே நின்றால் அம்மா திரும்பவும் தலை இழுத்துக்கொண்டுதான் அறையை விட்டு வெளியே வருவாள். அதைப் பார்க்க எனக்கு இப்போதைக்குத் தெம்பில்லை.

இதை நேற்றுக் காலை அவளிடம் சொன்னேன். ஈர உடுப்பை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். "பெத்த பிள்ளையை வெளியிலை படு எண்டு சொல்லுறதோ? ஊர் என்ன சொல்லும்? உங்கடை மூளை எஞ்சின் புகையோடை போட்டுது!" என்றாள். "இது என்ரை வீடும்தான்!" என்று நான் கத்தினேன். "என்ரை வீடு இல்லையோ? அவன்ரை அறையைக் கூட்டப்போறது நான், நீங்கள் இல்லை!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினாள். கொழும்பிலிருந்து வந்த பிறகு அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. நேற்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. தேத்தண்ணியை மேசையில் இடித்து வைத்துவிட்டுப் போகிறாள். நானும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. விடுதியா வீடா என்று நீ அக்காவைக் கேளாதே, அம்மாவுக்கும் எடுக்காதே. நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்து முடித்ததும் உனக்கு அறிவிக்கிறோம்.

அப்பா